உங்க காலத்துக்கு அப்புறம்

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம், வருடா வருடம் செய்கிற அந்த வேலையைச் சேனாபதியும் பவளமும் செய்து முடித்தார்கள். பனி விழுவதற்குள் வீட்டின் பின்புறக் குழாயை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து, சுவருக்குள்ளேயே குழாய் வெடித்துவிடும். அடைக்கிற திருகு பேஸ்மென்ட்டில், வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால், கை மட்டும் நுழைகிற சந்தில் இருந்தது. சேனாபதி அங்கே குனிந்து திருகுவார். பவளம் வெளியே குழாயடியில் நின்று, தண்ணீர் நின்றதா என்று பார்த்துச் சொல்வாள். பதினேழு வருடமாக இதே ஏற்பாடு.

"நின்னுச்சா?" பேஸ்மென்ட்டின் சின்ன ஜன்னல் வழியாக அவர் குரல் வந்தது.

"இல்லீங்க, ஓடுது."

"இப்ப?"

"சொட்டுதுங்க."

"சொட்டுதுன்னா? உங்கக்கா போன்ல பேச்ச முடிக்கற மாதிரியா?"

"எங்கக்காளை இழுக்காட்டி உங்களுக்கு ஒரு வேலையும் ஓடாது. நின்னுடுச்சு, மேல வாங்க."

குழாயின் கைப்பிடியைத் திறந்தபடியே விட்டுவிடச் சொன்னார். மிச்சத் தண்ணீர் தானாக வடியட்டும் என்றார். சட்டைக் காலரில் ஒட்டடையோடு மேலே வந்தார். இருவரும் காபி குடித்தார்கள்.

மறுநாள் காலை எட்டே கால் மணிக்கு, ரூட் ஒன்று நெடுஞ்சாலையில் சிக்னல் பச்சையான பிறகும் சேனாபதியின் சாம்பல் நிறக் கார் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் வெகு நேரம் ஹார்ன் அடித்தார்களாம். விவரம் சொல்ல வந்த போலீஸ்காரர், அவர் சீட் பெல்ட் போட்டிருந்தார் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார், அது ஒரு நல்ல சேதி என்பதுபோல.

அது தொண்ணூற்றாறு. சேனாபதிக்கு அறுபத்தொன்று, பவளத்துக்கு ஐம்பத்தெட்டு.

மான்மவுத் ஜங்ஷன் என்ற அந்த ஊரில் அவர்கள் வீட்டை வாங்கியபோது சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்தான். இரண்டரை ஏக்கர் நிலத்தின் நடுவில் ஒரு பழைய மரவீடு. ஈரோட்டுக்காரன் எங்கே போனாலும் காடு கரை வாங்காமல் இருக்க மாட்டான் என்று பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் இருந்த நண்பர்கள் சிரித்தார்கள். பிறகு வயல்கள் எல்லாம் டவுன்ஹவுஸ்களாகி, சிரித்தவர்களே அங்கே வீடு தேடி வந்தார்கள். ஒரே மகள் வெண்பா சான் ஹோசேயில் வேலைக்குப் போனதும் அங்கேயே தங்கிவிட்டாள்.

அந்த நிலத்தைத் தானம் செய்யும் எண்ணம் சேனாபதிக்கு ஒரு சாவு வீட்டில் வந்தது. தொண்ணூற்றொன்றில் அவருடைய நண்பர் கோபாலசாமி இறந்தார். கருமாதிக்கு இடம் கிடைக்கவில்லை. கோயில் ஹாலைக் கேட்டார்கள். சாமி இருக்கிற இடத்தில் அதெல்லாம் ஆகாது என்றுவிட்டார்கள். அபார்ட்மென்ட்டில் புகை கூடாது. கடைசியில் ஒரு மோட்டலில், கூட்டம் நடத்துகிற அறையை வாடகைக்கு எடுத்தார்கள். கற்பூரம் ஏற்றிய நாலாவது நிமிடம் அலாரம் அலறி, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிண்டம் கரைந்து கம்பளத்தில் ஓடியது. கோபாலசாமியின் மனைவி காமாக்ஷி, நனைந்த புடவையோடு, தீயணைப்பு வண்டிக்காரர்களிடம் ஸாரி, ஸாரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேனாபதியும் பவளமும் காரில் வீடு திரும்பினார்கள். வாசலில் இறங்கியதும் சேனாபதி சொன்னார்: "இந்த எடத்துல ஒரு ஹால் கட்டோணும் பவளம். செத்தவங்களுக்குச் செய்யறதுக்கு. யாரும் யாருகிட்டயும் ஸாரி சொல்லாம செய்யறதுக்கு."

நாலு வருடம் கழித்து அதைச் செய்தும் விட்டார். ஊரில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு தமிழ் டிரஸ்ட்டுக்கு வீட்டையும் நிலத்தையும் எழுதிவைத்தார். ஒரு ஏற்பாடு மட்டும் அதில் இருந்தது. இருவரில் கடைசியாகப் போகிறவர் உயிரோடு இருக்கிற வரை வீடும் நிலமும் அவர்கள் அனுபவத்தில் இருக்கும். அதற்குப் பிறகே டிரஸ்ட்டுக்கு. வரிக் கணக்குக்காக வக்கீல் ஓர் ஆயுள் அட்டவணையைப் புரட்டினார். பவளத்துக்கு இன்னும் இருபத்தைந்து வருடம், சேனாபதிக்குப் பத்தொன்பது என்று அதில் இருந்தது.

"ஆறு வருசம் நானில்லாம நிம்மதியா டிவி பாரு," என்றார் சேனாபதி.

எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் பத்திரத்தில் எழுதலாமா என்று அந்த வெள்ளைக்கார வக்கீல் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரஸ்ட் தலைவர் நஞ்சுண்டன் முந்திக்கொண்டார். "அண்ணா, நமக்குள்ள எதுக்குங்க எழுத்து? நீங்க சொன்னாப் பத்தாதா?" சேனாபதிக்கு அது போதுமானதாக இருந்தது. நம்ம ஆளுங்கதானே என்று வக்கீலிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வக்கீல் தோளைக் குலுக்கிவிட்டுப் பேனாவைக் கொடுத்தார்.

சேனாபதியின் கருமாதி அவர் வீட்டு கராஜிலேயே நடந்தது. பதினாறாம் நாள் நஞ்சுண்டன் ஒரு பொன்னாடையோடு வந்தார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, அண்ணனின் வள்ளல் தன்மையைப் பற்றிப் பேசினார். "அக்கா காலத்துக்கு அப்புறம் இந்த எடம் நம்ம சமுதாயத்துக்கே ஒரு விளக்கா இருக்கும்," என்று முடித்துப் பொன்னாடையைப் பவளத்தின் தோளில் போட்டார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். கையில் ரசம் சாதம் ஒட்டியிருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

அன்றிலிருந்து அந்த வார்த்தை வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தது. உங்க காலத்துக்கு அப்புறம் இந்தச் சுவரை எடுத்துடலாங்க. உங்க காலத்துக்கு அப்புறம் இங்க பார்க்கிங். மழை வருமா என்று கேட்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்கள். டிரஸ்ட்டின் செக்ரட்டரி பிரீத்தி, மெட்ராஸ் பெண், டேப் எடுத்துவந்து படுக்கையறையை அளந்தாள். அலமாரிக்குப் பின்னால் டேப் போகவில்லை. "ஆன்ட்டி, இதைக் கொஞ்சம் தள்ளலாமா?" என்றாள். அது சேனாபதியின் சட்டைகள் இருந்த அலமாரி.

நஞ்சுண்டன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். வந்ததும் கேட்பார்: "சுகர் எப்படீங்க இருக்குது? பிபி செக் பண்ணினீங்களா?" முதல் இரண்டு முறை பவளம் அதை அக்கறை என்றே நினைத்தாள். மூன்றாவது முறை அவர் கண்ணைப் பார்த்தாள். மார்க்கெட்டில் பப்பாளியை அழுத்திப் பார்க்கிறவனின் கண் அது. அவர் போன பிறகு, அவர் குடித்த டம்ளரை அவள் இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள். பிறகு அதைக் குப்பையில் போட்டாள்.

ஏப்ரலில் இருவரும் ஒரு பெரிய வரைபடத்தோடு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார்கள். கோபுரம், பிராகாரம், கல்யாண மண்டபம்.

"கருமாதி ஹால் எங்கீங்க?" என்று பவளம் கேட்டாள்.

நஞ்சுண்டன் சிரித்தார். "அக்கா, சாமி பிரதிஷ்டை பண்ற எடத்துல அதெல்லாம் வெக்க முடியுமுங்களா?"

"அவரு அதுக்குத்தானே குடுத்தாரு."

"அண்ணன் பெருந்தன்மையில ஏதோ சொன்னாரு. நாலு பேரு வந்து போற எடமுங்க. கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்புறம் இன்னொண்ணுங்க. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? பிராங்க்ளின் பார்க்ல ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட் பாத்து வெச்சிருக்கறோம். இந்தப் பேப்பர்ல ஒரு சைன் போட்டீங்கன்னா, உங்க காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லீங்க. நீங்களும் கோபுரத்தைக் கண்ணால பாக்கலாம்."

அவள் பேப்பரைத் தொடவில்லை. பிரீத்தி பேச்சை மாற்றினாள்.

"ஆன்ட்டி, வைகாசியில ஒரே ஒரு முகூர்த்தம்தான் செட் ஆகுது. பூமி பூஜை மட்டும் பேக்யார்ட்ல பண்ணிடறோம். டோனர்ஸ் எல்லாம் வர்றாங்க. ஆனா ஒண்ணு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அங்கிள் போயி இன்னும் வருஷம் திரும்பலையில்ல?"

"ஆமா. தீட்டு வீட்டுல பூமி பூஜை ஆகாதே."

"அதான் குருக்கள்கிட்ட கேட்டுட்டேன்!" என்றாள் பிரீத்தி, பரீட்சையில் பாஸான பிள்ளைபோல. "டீட் ரெஜிஸ்டர் ஆயிடுச்சுல்ல, லேண்ட் டிரஸ்ட்டோடது. அதனால மண்ணுக்குத் தீட்டு இல்லையாம். உங்களுக்கு மட்டும்தான். அன்னைக்குக் காலைல உங்களை எங்க அக்கா வீட்ல டிராப் பண்ணிடறேன், ஜாலியா டிவி பாத்துட்டு இருங்க."

"நான் எங்கயும் போகல. என் அடுப்படியிலதான் இருப்பேன்."

பிரீத்தி கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அந்த ஜன்னல் பிளைண்ட்ஸை மட்டும் இறக்கி விட்டுடுங்க ஆன்ட்டி. ப்ளீஸ்."

அன்று இரவு பவளம் சான் ஹோசேக்கு போன் செய்தாள். வெண்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா, ஜஸ்ட் ஸைன் இட். கம் லிவ் வித் மீ," என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். பவளம் போனை வைத்தாள். சில வருடங்களுக்கு முன் எடிசன் ஊரில் நடந்த ஒரு வளைகாப்பு நினைவுக்கு வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்துகொண்டிருந்தவள் காமாக்ஷியின் முன்னால் மட்டும் நிற்காமல், அடுத்த நாற்காலிக்குப் போனாள். காமாக்ஷி பாதி நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் பவளத்தை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தானாகவே செய்தாள். நஞ்சுண்டன்மேல் இருந்த அருவருப்பு இப்போது தன் கைமேலும் ஏறியது.

பூஜை அன்று நாற்பது கார்கள் வந்து புல்லில் நின்றன. சேனாபதி தக்காளி போட்டுவந்த பாத்தியின்மேல் ஷாமியானாவின் கால்களை ஊன்றினார்கள். பவளம் பிளைண்ட்ஸை இறக்கவில்லை. அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தவர்களில் சிலர் அவளைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பி, கேமராவைச் சரிசெய்வதுபோல நின்றார்கள்.

குருக்கள் கலசத்துக்குத் தண்ணீர் கேட்டார். யாரோ குடத்தோடு பின்புறக் குழாய்க்குப் போனார்கள். கைப்பிடி ஏற்கெனவே திறந்திருந்தது. இந்தப் பக்கம் திருகினார்கள், அந்தப் பக்கம் திருகினார்கள். ஒரு சொட்டு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நஞ்சுண்டன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்படிக் கதவுக்கு வந்தார்.

"அக்கா, குழாயில தண்ணி வரலீங்க. திருகு எங்கீங்க இருக்குது?"

"அவரு அடைச்சது."

"அதானுங்க, எங்க அடைச்சாரு?"

பவளம் அடுப்புத் திட்டைத் துடைத்தாள். நஞ்சுண்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செரி, உள்ள இருந்தே ஒரு கொடம் புடிச்சுக்கறனுங்க. முகூர்த்தம் போயிட்டிருக்குது."

"தாராளமா. ஆனா நான் பொழங்கற சிங்க்காச்சுங்களே. மண்ணுக்குத் தீட்டில்ல, எனக்குத்தான்னு பிரீத்தி சொல்லுச்சு. சிங்க்குக்கு உண்டா இல்லியான்னு குருக்களைக் கேட்டுட்டு வந்துருங்க."

கேட்க மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் போய்க் கேட்டார். ஷாமியானாவுக்கு அடியில் இரண்டு தலைகளும் சேர்ந்து குசுகுசுத்தன. குருக்கள் வீட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஒருவர் காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் பறந்தார். பிளாஸ்டிக் கேன்களில் வந்த தண்ணீரை வெள்ளிக் கலசத்தில் ஊற்றி, கங்கை, யமுனை, காவேரி என்று அதற்குப் பெயர் சொல்லி அழைத்தார் குருக்கள். கூட்டம் கையைக் கூப்பியது. காலி கேன்களை அவள் படிக்கட்டிலேயே விட்டுப் போனார்கள். எண்ணெய் ஒட்டிய காகிதத் தட்டுகளையும்.

சாயங்காலம் நஞ்சுண்டன் மறுபடி அந்தப் பேப்பரோடு வந்தார். பேனாவின் மூடியைக் கழற்றியே கொண்டுவந்திருந்தார்.

"உக்காருங்க," என்றாள் பவளம். "சுகர் நூத்திப் பத்து. பிபி நூத்தி இருபது எம்பது. போன வாரம்தான் பாத்தேன். எங்கம்மா தொண்ணூத்தி மூணு வரைக்கும் இருந்தாங்க, கடைசி வரைக்கும் கண்ணாடி இல்லாம ஊசி கோத்தாங்க. எல்லாத்தையும் அதுலயே எழுதிக்குங்க. பேனா தொறந்துதானே இருக்குது."

"அக்கா, நான் அப்படி நெனச்சுக் கேக்கலீங்க..."

"எப்படி நெனச்சுக் கேட்டீங்க?"

அவர் பேனாவை மூடினார்.

"எடம் உங்களுதுதான். அவரு குடுத்துட்டாரு, நான் இல்லேங்கல. ஆனா என்ற காலத்துக்கு அப்புறம். அது வரைக்கும் வரும்போது போன் பண்ணிட்டு வாங்க."

அடுத்த ஜனவரியில் பிஸ்கட்டவேயில் சுவாமிநாதன் என்று ஒருவர் இறந்தார். மருந்துக் கம்பெனியில் வேலை, நாற்பத்திரண்டு வயது. அவருடைய மனைவி கருமாதிக்கு இடம் தேடி அலைவதாகக் காமாக்ஷி போனில் சொன்னாள். பவளம் கராஜிலிருந்து காரை வெளியே எடுத்தாள், தரையைக் கழுவினாள், கூரையிலிருந்த ஸ்மோக் அலாரத்தை நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினாள். காமாக்ஷி இலை நறுக்க வந்தாள். முதல் காபியைப் பவளம் அவள் கையில்தான் கொடுத்தாள். வளைகாப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு குடும்பங்கள் அங்கே செய்துவிட்டன. ஒவ்வொரு முறையும் டிரஸ்ட்டிடமிருந்து பதிவுத் தபால் வரும். இடத்தின் புனிதம் கெடுகிறது, சொத்துக்கு ஊறு விளைகிறது என்று. தலைவர் மாறினாலும் கடிதத்தின் வாசகம் மாறுவதில்லை. ஒரு வருடம் கடிதத்தோடு தீபாவளி வாழ்த்து அட்டையும் இருந்தது, அவள் உடல்நலம் விசாரித்து. அதை மட்டும் அவள் இடுக்கியால் பிடிப்பதுபோல இரண்டு விரலால் எடுத்து வெளியே போட்டாள்.

இது இரண்டாயிரத்தொன்று. பவளத்துக்கு அறுபத்து மூன்று. வக்கீலின் அட்டவணைப்படி இன்னும் பத்தொன்பது வருடம் இருக்கிறது. கருமாதிக்கு வருகிறவர்கள் கை கால் கழுவப் பின்பக்கம் போவார்கள். அவள் அடுப்படியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைப்பாள். பேஸ்மென்ட்டில் அவர் அடைத்த திருகை அவள் தொடவே இல்லை. பின்புறக் குழாயின் கைப்பிடி திறந்தபடியே இருக்கிறது. தண்ணீர் வருவதில்லை.