குருக்ஷேத்திரத்துக்கு ஒரு நாள்

1979இல் ராமபத்ரனுக்கு டில்லி போய்வர ஆபீஸில் பயணச் சலுகை கிடைத்தது. மட்டாஞ்சேரி வீட்டில் அவரும் மனைவி கங்காவும் ரயில் அட்டவணையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"டில்லிக்கு நாலு நாள் போறும். குருக்ஷேத்திரத்துக்கு ஒரு நாளாவது வேணும், கேட்டேளா" என்றாள் கங்கா.

"அங்க என்ன இருக்கு? வெறும் வயலாக்கும்."

மாடியில் குடியிருந்த கடற்படைக்காரர் பல்பீர் சிங்குக்கு அந்தப் பக்கம்தான் ஊர். கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னார்: "எங்க கோதுமை வயல் அங்கேதான், சேச்சி. ஆழமா உழுதா பழைய செங்கல் வரும். எந்தக் காலத்துதுன்னு யாருக்கும் தெரியாது."

கங்காவுக்கு மெய்சிலிர்த்தது. கதையில் மட்டுமே கேட்ட மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர், இத்தனை மாதமாகத் தன் தலைக்கு மேலே நடமாடியிருக்கிறார்! ராமபத்ரன் ரயில் அட்டவணையில் குருக்ஷேத்திரத்தைத் தேட ஆரம்பித்தார். பல்பீர் அன்றே தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

டிசம்பரில் போனார்கள். அந்த அம்மாள் பனி விலகாத காலையில் அவர்களை வயலுக்கு அழைத்துப்போனாள். பச்சைக் கோதுமை கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றது. கங்கா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினாள். ராமபத்ரன் குனிந்து, தன் செருப்பையும் கழற்றினார்.