எதிர்வீட்டு வாழைப்பழத் தோல்

குப்பை வாளிக்குள் கை போன நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது.

லேத்துக்காரர் அப்படியே நின்றுவிட்டார். வலது கையில் வாழைப்பழத் தோல். இடது கையில் முட்டை ஓடு. வாசலில் எதிர்வீட்டம்மா.

லேத் பட்டறை வேலையை விட்டு மகள் வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு பால்கனித் தொட்டிகள்தான் உத்தியோகம். தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு ரோஜாவுக்கு ஊற்றுவார். ஓட்டை நொறுக்கித் தக்காளிக்குப் போடுவார். மூன்று பேர் வீட்டில் விழும் கழிவு அத்தனை செடிக்கும் எம்மாத்திரம்? எதிர்வீட்டு வாசலிலோ குப்பை வாளி தினமும் வழிந்தது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கக் கூச்சம்.

"ஐயா... பசிக்குதா?" எதிர்வீட்டம்மாவின் குரல் தழுதழுத்தது.

செடிக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவள் உள்ளே ஓடி ஒரு டப்பாவோடு திரும்பிவிட்டாள். மூடியைத் திறந்ததும் உருளைக்கிழங்கு வறுவல் வாசனை குப்பென்று ஏறியது. ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னதிலிருந்து மகள் உப்பையும் எண்ணெயையும் கண்ணில் காட்டுவதில்லை.

வாய் மூடிக்கொண்டது. கை நீண்டது.

மறுநாளும் டப்பா வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

"வீட்ல மூச்சு விடாதீங்கய்யா. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் தலையாட்டினார். பாவப்பட்ட முகம் ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து விரலை நக்கினார். செடிகளை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெடித்தது.

அவர் படியில் உட்கார்ந்து பாதி தின்றிருந்தபோது மேலே மகளின் குரல்.

"யாரு, எங்கப்பாவையா? நான் பட்டினி போடுறேனா?"

"கண்ணால பாத்தேம்மா. குப்பையில பழத்தோல் பொறுக்குறாரு. மாடி முழுக்க இதே பேச்சுதான். நீ ஆபீசுக்குப் போற மிடுக்கென்ன, பெத்தவரு இருக்குற கோலமென்ன!"

டப்பாவோடு எழுந்து மேலே ஓடினார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மேல்படியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"தோலு செடிக்கும்மா! வந்து பாருங்க, பால்கனியில பாட்டில் பாட்டிலா ஊறுது."

எதிர்வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாத்தியாம்மா? இந்த நெலமையிலயும் பொண்ண விட்டுக்குடுக்க மாட்டேங்குறாரு."

போச்சு. உண்மையைச் சொன்னதில் பழி மகள் தலையில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. அதை இறக்க ஒரே வழிதான் இருந்தது. அதை நினைத்தபோதே காது சுட்டது.

"பசியில்லம்மா," என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எம் பொண்ணு மூணு வேளையும் சூடா போடுறா. அதையும் சாப்ட்டுட்டுத்தான் உங்களுதையும் தின்னேன். நாக்கு கேக்கல. நீங்க இவளத் தப்பா நெனைக்கிறீங்கன்னு மொத நாளே தெரியும். சொன்னா டப்பா நின்னுடுமேன்னு சும்மா இருந்துட்டேன்."

மேல்படியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எதிர்வீட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை நாள் இருந்த இரக்கம் அந்தக் கண்ணில் துளிகூட இல்லை.

"எனக்குன்னு எடுத்து வெச்சதய்யா அது," என்றாள் மெதுவாக. டப்பாவுக்காகக் கை நீட்டினாள்.

மகள் முந்திக்கொண்டாள். அப்பா முகத்தைப் பார்க்காமலே அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள்.

"இருங்கக்கா. கழுவித் தரேன்."

உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. ஒரு சின்ன டப்பாவுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. இரண்டு கதவும் திறந்தே கிடந்தன. இரண்டில் எதற்குள்ளும் காலெடுத்து வைக்கத் துணியாமல், எண்ணெய் விரல்களை வேட்டியில் துடைத்தபடி லேத்துக்காரர் நடுவில் நின்றார்.