ட்ரூடியின் கூடாரம்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அதைச் சொன்னவர்கள் டிசம்பரில் ஈரி ஏரிப் பக்கம் வந்ததில்லை போலும். அந்த ஏரிக்காற்றுக்கு ஆடி, ஆவணி என்ற கணக்கெல்லாம் கிடையாது. அமெரிக்கக் கால்பந்தாட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.

ட்ரூடி டூடெக் பொழுது விடியும்போதே வந்துவிட்டாள். மைதானத்து வாசலுக்கு எதிர்வீடு வெண்டல் என்பவருடையது. வீட்டைச் சுற்றியிருந்த புல்வெளியில் ஆட்ட நாட்களில் வண்டி நிறுத்த வாடகைக்கு இடம் விடுவார். அதில் வேலியோரத்து மூலை டூடெக் குடும்பத்துடையது. ட்ரூடி கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அங்கேதான் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, போலிஷ் சாசேஜ் இறைச்சி வாட்டி, குடித்துக் கூத்தடித்துவிட்டு எல்லோரும் ஆட்டத்துக்குள் போவார்கள்.

போன ஆட்டத்தன்று அந்தக் கூடாரம் பறந்துபோய் வெண்டலின் கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. ட்ரூடி அப்போது கழிப்பறை வரிசையில் நின்றிருந்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய கொழுந்தன் நார்பர்ட் எல்லோரிடமும் தீர்ப்பே சொல்லி முடித்திருந்தான். "காத்து அடிச்சுது, ட்ரூடி போட்ட முடிச்சு அவுந்துச்சு. ஸ்கூல் பஸ் ஓட்டுறவளுக்கு முடிச்சுப் போட எங்க தெரியும்?"

வெண்டலும் நம்பிவிட்டார். "கோழிங்க அன்னியிலேருந்து முட்டையே போடல. இன்னொரு தடவை உங்க கூடாரம் தரையை விட்டுக் கிளம்புச்சுன்னா, அந்த மூலை வேற ஆளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். நார்பர்ட்டுக்கு அது வசதியாகப் போயிற்று. அடுத்த வருடம் எல்லோரையும் மைதானத்தின் தார்போட்ட நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தானே தலைவனாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை.

ட்ரூடியின் கணவன் முதுகுப் பிடிப்பென்று வீட்டில் படுத்திருந்தான். "இன்னிக்கு வேணாம் ட்ரூடி, காத்துன்னா காத்து. வண்டிக்குள்ளயே உக்காந்து தின்னுக்கலாம்" என்று போனில் கெஞ்சினான். "நீ படுத்துக்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்யாத தப்புக்கு இடத்தை விட்டுப் போவதா?

தரை கல்லாக இறுகியிருந்தது. துளைபோடும் கருவியால் ஒவ்வொரு மூலைக்கு வெளியேயும் சாய்வாகத் துளையிட்டாள். தலையில் வளையம் வைத்த நீண்ட இரும்புக் கம்பிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கினாள். பிறகு பிளாஸ்கிலிருந்த தண்ணீரை ஒவ்வொரு துளையிலும் ஊற்றினாள்.

அடுத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த நார்பர்ட் அதைப் பார்த்துச் சிரித்தான். "என்னம்மா, செடிக்குத் தண்ணி ஊத்துறியா? கம்பி முளைச்சு கூடாரமா வருமா?"

"வாயை மூடு நார்பர்ட். காத்து உள்ள போய் வயிறு வீங்கிடப் போகுது."

நார்பர்ட்டின் மனைவி பெவ் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ட்ரூடி அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டுக் குடித்தாள். அதற்குள் துளைகளில் தண்ணீர் உறைந்துவிட்டது. கூடாரத்தின் கால்களைப் பாதி உயரத்துக்கு இறக்கி, கயிறுகளைக் கம்பி வளையங்களில் இழுத்துக் கட்டினாள். ஒவ்வொரு காலிலும் சிமெண்டு நிரப்பிய வாளியை இறுக்கிச் சேர்த்தாள். ஏரிப் பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் துணியால் மறைத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டிய பக்கத்தைத் திறந்தே வைத்தாள்.

"அதையும் மூடேன், பல்லு கிட்டிப்போகுது" என்றான் நார்பர்ட்.

"மூடினா அடுப்புப் புகையில எல்லாரும் உள்ளயே மயங்கிக் கிடப்போம். குளிருதுன்னா இன்னொரு கோட்டைப் போடு."

"சரி, என் வண்டிக் கொக்கியிலயாவது ஒரு நாடாப் பட்டி கட்டலாம்ல? ஊரே கட்டுது."

ஊரே கட்டியதென்னவோ உண்மை. அந்தப் புல்வெளியில் வண்டியில் கட்டாத கூடாரமே இல்லை. ட்ரூடி முறைத்தாள். "வண்டின்னா நகரும். நகர்ற பொருள்ல கூடாரத்தைக் கட்டுறவன் மடையன்."

முற்பகலில் காற்று வெறிபிடித்து வந்தது. இரண்டு இடம் தள்ளி நின்ற நீலக் கூடாரம் கால்களைப் பரப்பிக்கொண்டு எழும்பி, சாலையைத் தாண்டிப் போய்ப் புரண்டது. ட்ரூடியின் கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, ஒரு காலும் நகரவில்லை. ஆட்கள் தட்டுகளோடு ஒவ்வொருவராக அவள் கூடாரத்துக்குள் ஒதுங்கினார்கள். கோழிக்கூண்டுக்கு முன்னால் காவல் நின்றிருந்த வெண்டலும் ஆச்சரியத்தோடு பக்கத்தில் வந்தார்.

நார்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "என்னாலதான் நிக்குது வெண்டல். இவளுக்குத் தெரியாம என் வண்டியில ஒரு பட்டி கட்டி வச்சேன். பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பின்பக்கம் பனியோடு பனியாக ஒரு பட்டி கிடந்தது. ஒரு நுனி அவன் வண்டிக் கொக்கியில், மறு நுனி ட்ரூடியின் கம்பி வளையத்தில். கூடாரக் கால்களில் வாளிகளுக்கு நடுவே இடம் கிடைக்காமல் அங்கே மாட்டியிருக்கிறான். ட்ரூடி அதை அவிழ்க்க எழுந்தாள். சாசேஜ் தீய்ந்த வாடை வந்ததும் அதைப் புரட்டிப் போடத் திரும்பினாள்.

"பரவாயில்லையே" என்று வெண்டல் முதுகில் தட்டிய உற்சாகத்தில் நார்பர்ட் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "சிக்கன் விங்ஸ் சொல்லியிருந்தேன், தயாரா இருக்கும். போய் எடுத்துட்டு வந்துடுறேன்." சொன்னவன் வண்டியில் ஏறி முடுக்கினான்.

"டேய், பட்டி!" என்று ட்ரூடி கத்தியது காற்றில் போயிற்று.

பட்டி விறைத்தது. வண்டி திமிறி நின்றது. நார்பர்ட் இன்னும் அழுத்தினான். சக்கரங்கள் பனியில் ஊளையிட்டுச் சுழன்று, பனித்தூளையும் புல்லையும் வாரியடித்தன. கம்பி அசையவில்லை. கூடாரத்துக்குள் ஒருத்தர் தட்டிலிருந்துகூட எதுவும் சிந்தவில்லை. கடைசியில் டமாரென்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கத் தடுப்பு கொக்கியோடு கழன்று பனியில் விழுந்தது.

எல்லோரும் வெளியே எட்டிப் பார்த்தார்கள். பிறகு பெவ் சொன்னாள், ஊருக்கே கேட்கும்படி: "போன தடவையும் இதேதான், மத்தவங்க யாரும் பாக்கல. விங்ஸ் வாங்கப் போறேன்னு கூடாரத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயி, பட்டி அறுந்து அது பறந்துச்சு. என்னையும் வாயைத் திறக்காதேன்னுட்டார். பாவம், ட்ரூடி முடிச்சு நல்லாத்தான் இருந்துச்சு."

வண்டியிலிருந்து இறங்கிய நார்பர்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. ட்ரூடிக்குக் கண் கலங்கியது. குளிரால் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும், அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நிமிர்ந்து நின்று நார்பர்ட்டை நேருக்கு நேர் பார்த்தாள். "சொல்லு. இத்தனை பேர் முன்னாடி சொன்ன, இத்தனை பேர் முன்னாடியே திருப்பிச் சொல்லு."

"...முடிச்சு இல்ல. நான்தான்."

"சத்தமா."

"நான்தான்!"

யாரோ கைதட்டினார்கள். வெண்டல் குனிந்து கம்பியைப் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார். கால்தான் வலித்தது.

"எல்லாம் சரிம்மா ட்ரூடி. ஆட்டம் முடிஞ்சதும் இதைப் பிடுங்கிடுவேல்ல?"

"வராது வெண்டல். பனி உருகுனாத்தான் வரும்."

"அது ஏப்ரல் ஆகுமே! அது வரைக்கும் இந்த மூலையை நான் யாருக்கு விட முடியும்?"

"யாருக்கும் முடியாது" என்றாள் ட்ரூடி. ஒரு ரொட்டியைப் பிளந்து சூடான சாசேஜை வைத்து அவர் கையில் கொடுத்தாள். "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது."