கூர்முனை எந்தப் பக்கம்?

பொறாமைக்குப் பசியெடுத்தால் நேரங்காலம் பார்க்காது. தஹ்மீனாவுக்கு அது சரியாக மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எடுத்தது. எட்டாம் வகுப்பு மொத்தமும் தட்டோடு சத்துணவுக் கூடத்துக்கு ஓடியபோது, வயிற்றுவலி என்று சொல்லி அவள் மட்டும் வகுப்பிலேயே தங்கிவிட்டாள்.

மேசைமேல் முப்பத்தொரு மெழுகு உருவங்கள் வரிசையாக இருந்தன. அறிவியல் டீச்சர் பிரகதீஸ்வரி ஆளுக்கு ஒரே எடையில் மெழுகு கொடுத்து, தண்ணீரில் வேகமாகப் போகிற உருவம் எதுவோ அதைச் செய்துவரச் சொல்லியிருந்தார். வெல்கிறவருக்குத் தஞ்சாவூர் அறிவியல் கண்காட்சி. ஒரே ஒருவருக்குத்தான் இடம்.

அந்த ஒருவர் தான்தான் என்று தஹ்மீனா ஒரத்தநாடு கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். மீன்கடை வைத்திருக்கும் அவள் அத்தா, வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மீனோடு இந்தச் செய்தியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இனிமேல் போகாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

இடைஞ்சல் ஒன்றுதான்: பரணிதரன். எதிலும் அவளைவிட அரை மார்க் கூட வாங்கித் தொலைக்கிறவன். இப்போது ஒரு ராக்கெட் செய்து வைத்திருந்தான். முன்னால் ஊசிக் கூர், பின்னால் வழவழவென்று உருண்டை. வகுப்பில் பாதிப் பேர் கூர்முனைதான் செய்திருந்தார்கள். எல்லாம் வயற்காட்டுப் பிள்ளைகள். கலப்பைக் கொழு கூராக இருந்தால்தான் மண் கிழியும் என்று அறிந்தவர்கள், தண்ணீரையும் கிழித்துவிடப் பார்த்தார்கள். தஹ்மீனாவும் கூர்முனைதான். ஆனால் பரணி தேய்த்த தேய்ப்பு அவளுக்கு வரவில்லை.

நூல் மாட்டுவதற்கு ஒவ்வொரு மெழுகின் முன்பக்கமும் குண்டூசியை வளைத்துச் செருகியிருந்தார்கள். அவள் பரணியின் ஊசியைப் பிடுங்கினாள். பின்பக்க உருண்டையில் குத்தினாள். பழைய துளையைக் கட்டைவிரலால் தேய்த்து மூடினாள். ராக்கெட் இனிப் பின்னாலேயே போகட்டும்! அவ்வளவு சந்தோஷமாக அவளுக்கு அதுவரை வயிறு வலித்ததில்லை.

மதியம், நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி வராண்டாவில் வைத்தார்கள். நூலின் மறுமுனை ஒரு கப்பி மேல் போய், கீழே எடைக்கல்லில் முடிந்தது. கல் இறங்கினால் மெழுகு ஓடும். யாரும் தில்லுமுல்லு செய்யக்கூடாதென்று டீச்சரே ஒவ்வொன்றாக மாட்டினார்.

தஹ்மீனாவுடையது நாலரை விநாடியில் வந்தது. அதுவரைக்கும் அதுதான் முதல். கடைசியாகப் பரணியுடையது. தன் ராக்கெட் திரும்பியிருப்பதைப் பார்த்து, "டீச்சர்..." என்று அவன் வாயைத் திறப்பதற்குள் கல் இறங்கிவிட்டது.

மூன்று விநாடி.

டீச்சர் நம்பாமல் இன்னொரு தரம் விட்டார். மறுபடியும் மூன்று. திறந்த வாயைப் பரணி பத்திரமாக மூடிக்கொண்டான்.

"எல்லாரும் கூர்முனைய முன்னாடி வச்சப்ப உனக்கு மட்டும் எப்படிடா இது தோணுச்சு?"

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன் டீச்சர்" என்றான், கூசாமல்.

"தண்ணி மண்ணு இல்ல, கிழிக்க வேணாம்" என்றார் டீச்சர். "முன்னாடி உருண்டையா இருந்தா அதுவா விலகிக்கும். பின்னாடி மெலிஞ்சுகிட்டே போனா, விலகுன தண்ணி அமைதியா வந்து சேந்துடும். பின்பக்கம் தடியா இருந்தாத்தான் சுழல் விழுந்து பிடிச்சு இழுக்கும். விரால் மீனப் பாத்ததில்லையா? தலை எப்படி, வால் எப்படி?"

வகுப்பே மீன்கடைக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அழுகை முட்டியது. நித்தம் கூடை கூடையாக மீனைப் பார்த்தும் தோன்றவில்லையே என்ற வெட்கம் ஒரு பக்கம். தான் செய்த வேலைக்கு அவன் கைதட்டல் வாங்குகிற எரிச்சல் மறுபக்கம். எரிச்சல்தான் ஜெயித்தது.

"அவன் யோசிக்கவே இல்ல டீச்சர்! நான்தான் ஊசியத் திருப்பிக் குத்துனேன்!"

"எதுக்கு?"

"அவன் தோக்கணும்னு."

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பரணியிடம் கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"அப்ப மெழுகு அவனோடது, கண்டுபிடிப்பு உன்னோடது. ராத்திரியெல்லாம் யோசிச்சவர் இங்கயே இருக்கட்டும். நீ தஞ்சாவூர் போ. ஆனா சார்ட்ல நடந்தத நடந்தபடி எழுதணும். அங்க வர்றவங்க எல்லாருக்கும் நீயே வாசிச்சுக் காட்டணும்."

தஹ்மீனா துள்ளிக் குதித்தாள். குதித்து இறங்குவதற்குள் டீச்சர் சொன்னதன் பாதி புரிந்தது. சார்ட்டை விரித்து உட்கார்ந்ததும் மீதியும் புரிந்தது. பரணி ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, வலியப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

'நோக்கம்' என்று தலைப்புப் போட்டாள். வெகுநேரம் யோசித்தாள். வேறு வழியில்லை. 'பரணிதரனைத் தோற்கடிப்பது' என்று எழுதினாள்.

"சரி, முடிவு?" என்றான் அவன், பல்லெல்லாம் தெரிய. "பரணிதரன் ஜெயிச்சான்னு போடு. பெருசா போடு."