புகையில்லாத ஒரு மணி நேரம்

பள்ளத்தின் ஓரத்தில் சிட்டம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். ஊசிப்போன சோறு, பிள்ளைகளின் பேம்பர்ஸ், கிரீஸ் துணி, ஈ மொய்க்கும் கோழிக்குடல். புழு ஒன்று மணிக்கட்டில் ஏறியது. தட்டிவிட்டாள். மானாம்பதிக்கு அப்பால் இருக்கும் அந்தக் கல்குவாரியில் வடநாட்டு ஆட்கள் தங்கும் தகரக் கொட்டகைகள் இருபது. அத்தனை குப்பையையும் அள்ளிக் கொளுத்துவது அவள்தான். வீட்டில் சோற்றில் கை வைத்தாலே அந்த நாற்றம் வந்து குமட்டும்.

ஆறு மாதமாக இருமல். சளி கறுப்பாக வந்தது. "இனிமே பொகையாண்ட நின்னா நுரையீரல் பூடும்" என்று உத்திரமேரூர் டாக்டர் சொல்லிவிட்டார். புகையில்லாமல் எரிக்கும் மெஷின் பத்தடி தள்ளித்தான் நின்றது. வந்து எட்டு மாதமாகியும் அதற்கு டீசல் ஊற்றவில்லை.

சூப்பர்வைசர் பீட்டர் புதுக் கையுறை, மாஸ்க், ஒரு கேன் டீசல், ஒரு கட்டு அட்டையோடு வந்தான்.

"பொல்யூஷன் ஆபீசர் வர்றாரு. மெஷின போட்டு இந்த அட்டைய மட்டும் எரி. அந்த நாத்தத்த கொட்டாய் பின்னாடி மறைச்சிடு."

"குப்பையவே போடலாமே சார்? அதுக்குத்தான மெஷினு கீது?"

"பொகை வந்தா உன் வேலையும் பூடும், என் வேலையும் பூடும்."

அவன் கேட்டுக்குப் போனான். மெஷினை மாட்டியவன் சொல்லிக்கொடுத்தபடி சிட்டம்மாள் அரை மணி நேரம் சூடேற்றினாள். பச்சை விளக்கு எரிந்ததும் அட்டையை ஒதுக்கிவிட்டுப் புழு வைத்த மூட்டையை உள்ளே தள்ளினாள். கண்ணெதிரே நன்றாக எரிந்தால் தினமும் போடவிடுவார்கள் என்று நம்பினாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஆபீசர் வந்தார். "என்னம்மா எரியுது?"

"கேம்ப் குப்பைங்க சார். ஊசிப்போனது."

பீட்டருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் குழாயில் புகையே இல்லை. ஆபீசர் கைக்குட்டையை மடித்து வைத்தார். சிட்டம்மாளை மெஷின் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார், கையெழுத்துப் போட்டார், இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

"பரவால்லியே, நெஜமாவே எரிக்குதே!" என்று பீட்டர் சிரித்தான்.

"அப்ப தெனமும் இதுலயே போடட்டா சார்?"

"டீசல் இன்னா தண்ணியா? அதான் கையெழுத்து ஆயிட்ச்சில்ல."

மெஷினை நிறுத்திப் பூட்டினான். மாஸ்க்கையும் கையுறையையும் கேட்டு வாங்கி, அடுத்த ஆபீசருக்காகக் கவரில் போட்டுக்கொண்டான். பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"மீதி மூட்டைங்கள பள்ளத்துல கொளுத்திடு."

சிட்டம்மாள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு குச்சியைக் கிழித்தாள். பேம்பர்ஸ்தான் முதலில் பற்றியது. கறுத்த புகை அவள் முகத்தில் அடித்துவிட்டு, இன்னும் சூடு ஆறாத மெஷினைச் சுற்றிக்கொண்டு கொட்டகைகள் பக்கம் போனது.