வடக்கு இல்லாத படம்

"இன்னும் கொஞ்சம் பொறுங்க பாதர், சித்தப்பா வந்துருவாரு" என்று மரிவிக் சவப்பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவள் அப்பா தெயோதுலோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். நகராட்சியில் வாழ்நாள் முழுக்க வரைபடம் வரைந்தவர். தம்பி பானியோங் வந்து முகம் பார்த்த பிறகுதான் பெட்டியை மூட வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை.

பானியோங் பக்கத்துத் தீவிலிருந்து காலைப் படகிலேயே இறங்கிவிட்டாராம். போன் வைத்துக்கொள்ளாத மனுஷன். புயலுக்குப் பிறகு இவர்கள் மாறிவந்த வீடும் தெரியாது. அதனால் மரிவிக் வழியை வரைந்து படகுக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். வாசலில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த கடலைத் தாளின் மேல்பக்கம் வைத்து வரைந்தாள். அது கடல் என்று எழுதவில்லை. வடக்கு அம்பும் போடவில்லை. அழுகையில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்!

பாதர் மெல்ல இருமினார். அப்போது ஆட்டோ ஒன்று ஏழெட்டுப் பேரைச் சுமந்து வந்து நின்றது. காப்பிக் கோப்பையோடு குதித்தார் பானியோங்.

"என்னம்மா படம் இது? படத்துல வீடு இடது பக்கம். நானும் கரையேறி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இடது பக்கம் போனேன். பந்தல், துக்க வீட்டுச் சீட்டாட்டம், பெட்டி! விழுந்து அழுதேன். நிமிர்ந்து பாத்தா எங்கண்ணன் உதட்டுச்சாயம் பூசிட்டுப் படுத்திருக்காரு!"

கூடவந்த பெண் பூமாலையோடு முன்னால் வந்தாள். "எங்க அத்தைக்கு இப்படி யாருமே அழலீங்க, மாமாகூட அழல. அதான் பதிலுக்கு உங்க வீட்ல அழலாம்னு வந்தோம்."

பந்தலே குலுங்கிச் சிரித்தது. பாதர் திரும்பி நின்று சிரித்தார். மரிவிக்கும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பானியோங் அண்ணன் கன்னத்தைத் தடவினார். "வந்துட்டேன்டா அண்ணா. உன் பொண்ணு லட்சணத்தைப் பாரு, வடக்கு எங்கன்னே போடல."

"படத்தைக் குடுங்க சித்தப்பா." மரிவிக் பாதரிடம் பேனா வாங்கினாள். மேலே 'கடல்' என்று எழுதினாள். ஓரத்தில் வடக்கு அம்பு போட்டாள், கீழ்நோக்கி.

"எவ்வளவு தூரம்னும் போட்டுரு. இல்லேன்னா எந்திரிச்சு திட்டுவாரு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அடியில் 'அளவுப்படி வரைந்ததல்ல' என்று எழுதி, தாளை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

மூடியிலிருந்து கையை எடுத்தாள்.