பின்பக்கச் சுவர்

கீழேயிருந்து மேலாளர் ஃபோனில் "ம்" என்றதும், மேலே மின்சார அறையிலிருந்த அவர் சுவிட்சுகளை இறக்கினார். மாடி மாடியாக அலுவலகம் இருண்டது. வாசலில் பதாகைகளோடு நின்ற கூட்டம் அப்படிக் கைதட்டியது. கம்பெனியில் எல்லோரும் அவரைக் 'கரண்ட் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதும் கரண்ட் போனால்தான். மற்ற நேரத்தில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஊரார் கைபேசியில் எடுக்கிற படமும் பேச்சும் வந்து சேரும் இயந்திரங்கள் அலுவலகத்தில் இல்லை. அதன் முதுகுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத நீளக் கூடத்தில் இருக்கின்றன. ஊர் மொத்தத்துக்குமான மின்சாரத்தை அந்தக் கூடம் ஒன்றே விழுங்குகிறது என்பதுதான் வந்தவர்களின் சண்டை. போன தடவை அவர்கள் தொண்டை வற்றக் கத்திவிட்டுப் போன பிறகு, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறோம் என்று காட்டும் பலகை ஒன்றைக் கம்பெனி வாசலில் வைத்தது. இன்றைக்குக் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் அணைத்துக் காட்டுவதாகவும் சொல்லியிருந்தது. பலகையில் எண்கள் மளமளவென்று இறங்கின. இறங்காமல் என்ன செய்யும்? முதல் சுவிட்சோடு சேர்த்துக் கூடத்தை டீசல் ஜெனரேட்டருக்கு மாற்றிவிட்டாரே! ஓர் இயந்திரம்கூடக் கண் மூடவில்லை. ஜெனரேட்டர் சத்தம் வெளியே தெரியக்கூடாதென்று வாசலில் பாட்டுக் கச்சேரி வைத்தது மேலாளரின் மூளை.

காமிராக்களுக்கு மட்டும் இருட்டு கிடையாது. மேசைத் திரையில், வாசல் கூட்டத்துக்குள் அவர் தன் மகளைத் தேடினார். இந்த வேலையை விடச் சொல்லி அவள் சண்டை போட்டபோது, "நான் இல்லேன்னா வேற ஒருத்தன் செய்யப்போறான்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பெட்டியைக் கட்டியவள் அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி போன பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த பேச்சுக்குரல் அவளுடையதுதான். அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதைக்கூட வாசல் காமிராவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பெற்ற பெண்ணை வாட்ச்மேன் மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறதே!

ஃபோன் அடித்தது. அவள்தான்.

"அப்பா... நீங்கதானே அணைச்சீங்க?"

"நான்தாம்மா."

"அப்பவே நெனச்சேன். எங்கப்பா கை படாம அங்க ஒரு பல்பு அணையாதுன்னு இவங்ககிட்ட பீத்திக்கிட்டிருக்கேன்." சிரித்தாள். குரல் சட்டென்று இறங்கியது. "அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன்பா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூட்டியே கிடக்கும் அவள் அறையைத் திறந்து பெருக்கலாம். சாப்பாட்டு மேசையில் எதிரே ஓர் ஆள் இருக்கும். கம்பெனி ஊர் கண்ணில் மண்ணைத் தூவியதோடு இதையும் சேர்த்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் பீற்றிக்கொண்ட அந்த அப்பா யார் என்றுதான் அவருக்குப் புரியவில்லை. அவள் வந்து எதிரே உட்கார்ந்தாலும் அந்த ஆளோடுதான் பேசிக்கொண்டிருப்பாள்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"வாசல்ல நிக்காதம்மா. பின்பக்கம் போ."

"எதுக்கு?"

"போயேன். அங்க ஜன்னலே இல்லாத ஒரு நீளச் சுவர் இருக்கும். அதுல கைய வச்சுப் பாரு."

அவள் நடந்தாள். கச்சேரி தேய்ந்துகொண்டே போனது. ஜல்லிக்கல்லில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் காலடித் தரையை அதிரவைத்துக்கொண்டிருந்த அதே இயந்திர உறுமல் இப்போது ஃபோனுக்குள்ளிருந்தும் வந்தது.

பின்பக்கக் காமிராவில் எப்போதும் மங்கலாகத்தான் தெரியும். குட்டை முடி வைத்த ஓர் உருவம் திரையின் ஓரத்தில் நின்றது. முகம் தெரியவில்லை. ஒரு கையில் ஃபோனைக் காதோடு பிடித்திருந்தாள். மற்ற கையைச் சுவரிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.